கேட்காமல் போட்ட கையெழுத்து

1

போன வாரம் இங்குள்ள முதியோர் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். வசந்தகால ஒன்றுகூடலுக்கு ஒரு பட்டிமன்றம் வைக்கிறார்களாம். தலைப்பு, ‘துயரத்தைத் தாங்குவதில் வல்லவர் ஆணா, பெண்ணா’.

“மாஸ்டர், நடுவர் நீங்கள்தான். முந்தி நீங்கள் பேசினபோது சனம் விழுந்து விழுந்து சிரிச்சது.”

“இந்தத் தடவ வேணாங்க. வேற யாரையாச்சும் பாருங்க.”

“ஏன் மாஸ்டர், வீட்டில மனுசி விடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டாவோ?”

தானே சொல்லித் தானே சிரித்தார். நான் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு வைத்தேன். என் மனைவி லெட்சுமி ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யார் பேசியது என்று கேட்கவில்லை. வெளியே ரொறன்ரோவின் அழுக்குப் பனி. பதினோராம் மாடியிலிருந்து பார்த்தால் கார்கள் மட்டும் தெரியும், மனிதர்கள் தெரியமாட்டார்கள்.

லெட்சுமிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது.

அவள் உடம்பின்மேல் நான் போட்ட இரண்டாவது கையெழுத்து அது. முதலாவதை இலங்கையில், மாத்தளைப் பக்கம் எல்கடுவைக்கு மேலே, நான் பள்ளிக்கூடம் நடத்திய தோட்டத்தில் போட்டேன். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே என்னிடம் படித்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்கள். அவர்கள் கையில் இந்தக் குறிப்பு கிடைத்தால் கிடைக்கட்டும்.

2

அந்தப் பக்கத்தில் என்னைப் பள்ளிக்கூடத்தால் அறிந்தவர்களைவிடப் பட்டிமன்றத்தால் அறிந்தவர்களே அதிகம். மாத்தளைத் தேர் முடிந்த கையோடு ஒன்று, பலாபத்வலையில் இளைஞர் மன்றத்துக்கு ஒன்று என்று வருடம் முழுக்க அழைப்பு வரும். தலைப்பு எப்படி இருந்தாலும் சுற்றிச் சுற்றி ஆண் பெண்ணில்தான் வந்து நிற்கும். பெண்ணுக்கு ரகசியம் தங்காது என்பேன். பெண் சின்னதுக்கு அழுவாள், பெரியதைத் துடைத்துப் போட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போவாள் என்பேன். ஆண் வெளியே கல், உள்ளே கண்ணாடி என்பேன். முன்வரிசையில் கங்காணிமார் கைதட்டுவார்கள். பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் சிரித்ததை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் எந்த நூலையும் படித்து இதைச் சொல்லவில்லை. எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரே பெண் லெட்சுமி. அவளைப் பார்த்துத்தான் இவ்வளவையும் கட்டினேன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அவள் ஆயா வேலை பார்த்தாள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விடும் அறை அது. சேலையில் கட்டிய தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒரு தொட்டிலைக் கையாலும் ஒரு தொட்டிலைக் காலாலும் ஆட்டிக்கொண்டு, மூன்றாவது பிள்ளைக்குப் பால் புகட்டுவாள். எத்தனை பேர் ஒன்றாகக் கத்தினாலும் முகம் சுளிக்கமாட்டாள். இவளுக்குப் பிள்ளைகள் அலுக்கவே அலுக்காதா என்று நான் வேடிக்கையாகக் கேட்டதுண்டு.

“அலுக்கிறதா? எனக்கு ஆறாச்சும் வேணுங்க,” என்றாள் ஒரு நாள். அப்போது மூத்தவள் புவனா மட்டும் பிறந்திருந்தாள். நான் அதை வேடிக்கைக்குப் பதில் வேடிக்கை என்று எண்ணிக்கொண்டேன்.

3

மகன் ரவி எழுபத்தேழாம் ஆண்டு தொடக்கத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தான். அந்தக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷன் செய்ய டவுனிலிருந்து டாக்டர் வந்துபோவார். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த ஆட்கள் பயந்து ஒதுங்கினார்கள். நம்முடைய ஆட்களின் தொகையைக் குறைக்கத்தான் இது என்று ஒரு பேச்சும் ஓடியது. ரவி பிறந்த மறுநாள், ஆஸ்பத்திரியைப் பார்த்துவந்த டிஸ்பென்சர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். டாக்டரும் இருந்தார், பெரிய கங்காணியும் இருந்தார்.

“மாஸ்டர், படிச்சவங்க நீங்க முன்னுக்கு வந்தாத்தான் லயத்து ஆளுங்க பின்னாடி வருவாங்க,” என்றார் டிஸ்பென்சர். “ஒரு பொண்ணு, ஒரு பையன். போதுந்தானே?”

போதும் என்றுதான் எனக்கும் பட்டது. அதை நான் மறுக்கவில்லை.

டாக்டர் சிங்களத்தில் சொன்னார்: “உங்களுக்கே செய்யலாம். கால் மணி நேரம்கூட ஆகாது. இன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். பெண்களுக்குச் செய்வதுதான் சிரமம்.”

பெரிய கங்காணிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். “ஐயோ, நம்ம மாஸ்டர் மேடையில நின்னு ஆம்பள கட்சி பேசணுமே,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கத்திக்குப் பயம், அதைவிட ஊர் என்ன சொல்லும் என்ற பயம். “வீட்டுக்காரிக்கே செய்யுங்க,” என்று சொல்லிக் காகிதத்தை வாங்கினேன்.

லெட்சுமி படுத்திருந்த கட்டில் அந்த அறையிலிருந்து இருபது அடிதான் இருக்கும். நடுவில் ஒரு துணித்திரை. பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி அவள் முனகுவது கேட்டது. எழுந்துபோய்க் கேட்டிருக்கலாம். கேட்கவேண்டும் என்று தோன்றாமல் போனது என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய பெருவிரல் அடையாளமும் வேண்டும் என்றார்கள். பிள்ளையின் பெயர் பதியத்தான் என்று அவளிடம் சொல்லி, விரலைப் பிடித்து மையில் அழுத்தியது நான்.

ஒப்பரேஷன் முடிந்து, மயக்கம் தெளிந்து, வயிற்றில் கட்டோடு கிடந்தவள், “எனக்கு என்னங்க செஞ்சாங்க?” என்று கேட்டாள்.

“உள்ள ஏதோ கோளாறாம். இன்னொண்ணு உண்டானா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான்.”

“அப்படியா சொன்னாரு?”

“ஆமா.”

அவள் பிள்ளையைத் திருப்பி மறுபக்கம் போட்டுக்கொண்டாள். அந்த மாதம் லயத்திலிருந்து பதினோரு பெண்கள் வந்தார்கள். அவர்களில் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. தோட்டத்துத் துரை என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார்.

4

எண்பத்துமூன்றில் கலவரம் வந்தபோது ரவிக்கு ஆறு வயது. அவனுக்கு இளைப்பு உண்டு. குளிர் ஏறினால் நெஞ்சு இழுக்கும். அந்த வாரம் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கீழே டவுன் எரிகிறது என்றார்கள். ஊரடங்கு. டிஸ்பென்சரும் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார். லொறி டிரைவரிடம் போய்க் கெஞ்சினேன்.

“மாஸ்டர், எனக்கும் மூணு பிள்ளைங்க இருக்கு,” என்றான். அவனைக் குறை சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாள் ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்தியபோது, தோட்டத்து ஆஸ்பத்திரி மிட்வைஃப் சோமாவதி நோனா தன் தம்பியின் வானைக் கொண்டுவந்தாள். முன் இருக்கையில் அவளே உட்கார்ந்தாள், யாராவது தடுத்தால் சிங்களத்தில் தானே பேசுகிறேன் என்று. ஒருவரும் தடுக்கவில்லை. ரவி லெட்சுமியின் மடியில் இருந்தான். மாத்தளைக்கு இரண்டு வளைவு இருக்கும்போது இழுப்பு நின்றது. லெட்சுமி அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வான் நின்ற பிறகுதான், “மெதுவாப் போயிருக்கலாம்,” என்றாள்.

நான் தரையில் விழுந்து அழுதேன். பல மாதங்கள் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதேன். சொல்லச் சொல்ல எனக்குக் குறைந்தது. லெட்சுமி பதினாறு முடிந்த மறுநாள் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். பழையபடி ஒரு தொட்டில் கையில், ஒரு தொட்டில் காலில்.

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவளிடம் சொன்னது ஒரு நாள் என் காதில் விழுந்தது. “ஒனக்கு என்னாடி வயசாயிருச்சு? இன்னொண்ணு பெத்துக்க. அவனே வந்து பொறப்பான்.”

“எனக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு,” என்றாள் லெட்சுமி. நான் அந்த வழியாகப் போகாமல் திரும்பினேன்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி மேடை ஏறினேன். ‘மனவலிமை யாருக்கு’ என்று தலைப்பு. பெயர் சொல்லாமல் என் வீட்டுக் கதையையே சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் இரண்டு வருடம் அழுதான், தாய் பதினாறே நாளில் வேலைக்குப் போனாள். பெண் மனம் ரப்பர், இழுத்துவிட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்றேன். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. லெட்சுமி மூன்றாவது வரிசையில் இருந்தாள். வரும் வழியில் பஸ்ஸில், “நல்லாப் பேசினீங்க,” என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

5

புவனா கல்யாணமாகிக் கனடா வந்தாள். பின்னால் எங்களை அழைத்தாள். கடவுச்சீட்டுக்கு லெட்சுமியின் பிறந்த நாள் தேவைப்பட்டது. தோட்டத்தில் அவள் பிறப்பைப் பதிந்த காகிதம் கிடைக்கவில்லை. ஜனவரி ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். இங்கே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரு மாத்திரை கொடுக்குமுன் பெயரையும் பிறந்த நாளையும் அவள் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். “சனவரி ஒண்ணு” என்று அவள் பாடம் ஒப்பிப்பாள். ஒரு முறை தாதி பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னபோது என்னைப் பார்த்து, “நான் ஆடி மாசத்துல பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்,” என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

சர்க்கரை வியாதி அவளுக்கு இங்கே வந்து முற்றியது. போன வருடக் குளிரில் இடது பாதத்தில் ஒரு புண். அது கறுத்து மேலே ஏறியது. காலை எடுக்காவிட்டால் விஷம் உடம்பில் ஏறிச் சில வாரங்களில் உயிர் போகும் என்றார் டாக்டர். நான் வழக்கம்போல முன்னால் நகர்ந்து, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தார். நோயாளிதான் தீர்மானிக்கவேண்டும், அவரோடு தனியாகப் பேசவேண்டும், நீங்களும் மகளும் வெளியே இருங்கள் என்றார்.

மொழிபெயர்க்க ஜனனி என்ற பெண் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, புவனாவைவிட இளையவள். கதவைச் சாத்தினார்கள். ஒரு மணி நேரம் ஆனது. லெட்சுமி அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் சொற்கள் புரியவில்லை, அவள் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை சிரித்தாள்கூட.

ஜனனி வெளியே வந்து என்னருகில் உட்கார்ந்தாள். “ஐயா, அம்மா ஒப்பரேஷன் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா. வடிவா விளங்கித்தான் சொல்லுறா. டொக்டர் திரும்பத் திரும்பக் கேட்டவர்.”

“ஏன் வேணாமாம்?”

அவள் தயங்கினாள். “உங்களுக்குச் சொல்லலாம் எண்டு அம்மா சொன்னபடியால் சொல்லுறன். முந்தி ஒருக்கா அவவைக் கேக்காமல் வயித்தில வெட்டினவையாம். நீங்கள் கையெழுத்து வைச்சனீங்களாம். கோளாறு ஒண்டும் இருக்கேல்லை எண்டு ஒரு மிட்வைஃப் அந்தக் கிழமையே சொல்லிட்டாவாம். இந்த முறையாவது தன்னட்டைக் கேக்கினம், அதால தான் நினைச்சதைச் சொல்லப்போறன் எண்டவா.”

முப்பது வருடம். குழாயடியில் “டாக்டர் சொல்லியிருக்காரு” என்று சொன்னபோதும் அவளுக்குத் தெரியும். என் பொய்யை எனக்காக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பெண்ணுக்கு ரகசியம் தங்காது என்று நான் மேடையில் சொன்னபோதெல்லாம் மூன்றாவது வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனேன். “ஏன் புள்ள, ஒரு நாளாச்சும் என்னைக் கேட்டிருக்கலாமே,” என்றேன்.

“கேட்டு? நீங்க இன்னொரு பொய் சொல்லணும். பாவமா இருந்துச்சு,” என்றாள். பிறகு புவனா சாப்பிட்டாளா என்று விசாரித்தாள். ஒப்பரேஷனைப் பற்றி அதற்குமேல் பேசவிடவில்லை. “நான் சொல்லிட்டேங்க. நடந்து வந்தேன், நடந்தே போறேன்.”

6

புவனா என்மேல் பாய்ந்தாள். “நீங்க சொன்னா அம்மா கேப்பாங்கப்பா. எப்பவும் நீங்க சொன்னதத்தானே கேட்டாங்க?” அவளுக்கு அந்தப் பழைய கதை தெரியாது. அவளுக்கு எப்படிச் சொல்வது? உனக்குப் பின்னால் வரவேண்டிய தம்பி தங்கைகளை நான்தான் தடுத்தேன் என்றா? அவளுடைய பிள்ளைகள் தாழ்வாரத்தில் ஆங்கிலத்தில் கிசுகிசுத்துக்கொண்டு நின்றார்கள். அம்மாச்சிக்கு என்ன என்று என்னிடம் கேட்க அவர்களுக்குத் தமிழ் போதாது. பதில் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதாது.

ஐந்தாம் நாள், ஒரு ஞாயிறு, லெட்சுமிக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தடுமாறியது. வேறொரு டாக்டர் வந்தார். இப்போது நோயாளியால் தீர்மானிக்க முடியாது. சட்டப்படி கணவர்தான் சொல்லவேண்டும் என்றார். அதோடு, மிக நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “உங்கள் விருப்பம் எதுவென்று நான் கேட்கவில்லை. அவருடைய விருப்பம் எது? முன்பு வேண்டாம் என்று சொன்னதாகக் குறிப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு மனம் மாறினாரா?”

ஞாயிறு என்பதால் ஜனனி இல்லை. புவனா அழுதுகொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். லெட்சுமி கண்ணை மூடியபடி வலது காலை மட்டும் மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள். அது எந்த அசைவு என்று எனக்குத் தெரியும். தொட்டில் ஆட்டுகிற அசைவு.

“மாறினாள்,” என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். “நேற்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள். எடுத்துவிடலாம் என்று.”

முதல் முறை பொய் சொன்னபோது எனக்கு முப்பத்தேழு வயது. பயந்தாங்கொள்ளி, பெயருக்கு ஆசைப்பட்டவன். இந்த முறை அந்தக் காரணங்கள் ஒன்றும் இல்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்தேன், அவ்வளவுதான். காகிதத்தை நீட்டினார்கள். என் கையெழுத்து அன்று போலவே, ஆசிரியர் கையெழுத்து, தெளிவாக விழுந்தது.

7

மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு தெளிந்தது. நான் மட்டும்தான் அருகில் இருந்தேன். போர்வைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். முழங்காலில் கை நின்றது.

“யாருங்க சொன்னது?”

“டாக்டர்...” என்று வாய் தானாகத் தொடங்கியது. அவள் என் முகத்தையே பார்த்தாள். என்னால் முடிக்க முடியவில்லை. “நான்தான். நீ சம்மதிச்சேன்னு பொய் சொன்னேன். நீ இல்லாம என்னால முடியாது லெட்சுமி.”

“அது ஒங்களுக்கு,” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அப்பாதான் அம்மாவைக் காப்பாற்றினார் என்று புவனா தன் சிநேகிதிகளிடம் சொல்கிறாள். நான் லெட்சுமியைக் குளிப்பாட்டுகிறேன், சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். கிளினிக்குக்குப் போகச் சக்கர நாற்காலி வண்டிக்கு முதல்நாளே பதிவு செய்கிறேன். அது நாற்பது நிமிடம் பிந்தி வருகிறது, இருவரும் வாசலில் காத்திருக்கிறோம். ஊரில் யுத்தம், செய்திகளில் தினமும் சாவு. கேட்டுவிட்டு வானொலியை அணைக்கிறேன். ஆண் இப்படி, பெண் இப்படி என்று எனக்குத் தெரிந்திருந்ததில் இன்று எதுவும் மீதியில்லை. அவள் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு மணி நேரம் கேட்ட ஜனனிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

இந்த ஒரு வருடமாக ஒரு கேள்வி என் வாயில் இருக்கிறது. ரவி பிறந்த மறுநாள் இருபது அடி நடக்காமல் விட்டவனுக்கு, சமையலறையிலிருந்து ஜன்னல் வரை நடந்துபோய் அதைக் கேட்க ஒரு வருடம் பிடித்தது. இன்று காலை தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

“புள்ள, இப்படி இருக்கிறது ஒனக்குச் சம்மதமா? நான் செஞ்சது சரியா, தப்பா?”

அவள் தேநீரை ஊதி ஒரு வாய் குடித்தாள். கோபம் இல்லை. கேலியும் இல்லை. கேட்டது நிஜமாகவே விளங்காதவள் மாதிரிப் பார்த்தாள்.

“இப்பக் கேட்டு என்னங்க செய்யப் போறீங்க?”

 பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.